சமாதானம் செய்யப் போன படை

அண்டை நாட்டில் உள்நாட்டுப் போர் என்றால் நாம் படை அனுப்பலாமா?

முஃமின்களில் இரு கூட்டத்தார் மோதினால் செய்ய வேண்டியதை அல்ஹுஜுராத் 9ஆம் வசனம் வரிசைப்படுத்துகிறது: முதலில் சமாதானம், மீறும் கூட்டத்தோடு, அது அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும்வரை மட்டும் போர், பிறகு நீதியான இணக்கம்.

இலங்கையில் முதல் படியே தவறியது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கையெழுத்திட்டார்கள்; போரிட்ட புலிகள் கையெழுத்திடவில்லை. சென்ற இந்திய அமைதிப்படை அக்டோபரில் புலிகளோடே போரில் இறங்கியது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படை நுழைந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியது. 1,100க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் திரும்பவில்லை.

அநியாயத்தைத் தடுப்பது கடமைதான். ஆனால் நிய்யத் மட்டும் போதாது. இரு தரப்பும் ஏற்காத நடுவர், மூன்றாவது எதிரியாகிவிடுவார். மஹல்லாவில் பஞ்சாயத்துக்குப் போகும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

நீதியோடு சமாதானம் செய்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.