போவதா, இருப்பதா?



வேதத்துக்கு இடையூறு வரும்போது ஊரை விட்டுப் போவது கோழைத்தனமா? எது வந்தாலும் இருந்த இடத்திலேயே இருப்பதுதான் உத்தமமா? இதற்குச் சுலபமாய் மறுமொழி சொல்லிவிடலாம் என்று எண்ணுவோர் வியட்நாம் கத்தோலிக்கரின் சரித்திரத்தைச் சற்றுக் கவனிப்பது நலம்.

1954-ம் ஆண்டு ஜூலை மாதம் ஜெனீவாவில் செய்யப்பட்ட உடன்படிக்கையால் அத்தேசம் இரண்டாயிற்று. வடக்கு, கம்யூனிஸ்ட் ஆட்சிக்குள் வந்தது. எந்தப் பக்கம் வாழ்வது என்று தீர்மானிக்க ஜனங்களுக்கு 300 நாள் தவணை. அதற்குள் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் தெற்கே சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பாட்டன் பூட்டன் கல்லறைகளையும், தாங்கள் கட்டிய கோவிலையும், நெல் வயலையும் விட்டு, கைமூட்டையோடு ஹைபோங் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். குருவானவரோடு பங்கு முழுவதுமே பெயர்ந்து போனதும் உண்டு. "தேவதாய் தெற்கே போய்விட்டாள்" என்றொரு பேச்சும் அந்நாட்களில் பரப்பப்பட்டது.

ஆனால் தேவதாய் வடக்கைக் கைவிடவில்லை. லட்சக்கணக்கான விசுவாசிகள் அங்கேயே தங்கினார்கள். ஹனோய் மேற்றிராணியார் திரின் நு குவே ஆண்டகையும் அவர்களோடு இருந்துவிட்டார். நிலச் சீர்திருத்தம் என்ற பெயரால் ஊர்தோறும் கூட்டிய மக்கள் நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதில் தவறுகள் நேர்ந்ததை 1956-ல் ஹோ சி மின்னே ஒப்புக்கொண்டார். வெளிநாட்டுக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆண்டகையோ மந்தையை விட்டு அகலவில்லை. 1976-ல் பரிசுத்த பாப்பானவர் ஆறாம் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார்.

தெற்கே போனவர்களையும் சிலுவை விடவில்லை. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தபின் அவர்களில் பலர் இரண்டாந்தரம் அகதிகளானார்கள். சிறு படகுகளில் கடலில் இறங்கியவர்களில் எத்தனையோ பேர் கரை காணவில்லை.

இவர்களில் யார் செய்தது சரி? பிள்ளைகளின் உயிரையும் விசுவாசத்தையும் காக்கப் புறப்பட்ட தகப்பனைக் குறைகூற நமக்கு நா எழுமா? ஏரோதுக்குத் தப்ப, அர்ச். சூசையப்பரும் திருக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாய் எஜிப்துக்குப் போனாரே! நடக்க மாட்டாத தாயைப் பார்த்துக்கொள்ளத் தங்கிய மகனை, ஆட்சியோடு இணங்கிப் போனவன் என்று சொல்லலாமா?

போனவன் யாரைக் காப்பாற்றப் போனான், இருந்தவன் யாருக்காக இருந்தான் என்றே சர்வேசுரன் கேட்பார். தன்னை நம்பியிருப்போரைத் தவிக்கவிட்டுப் போவது பாவம். காணி பூமியை விட மனமின்றி, பிள்ளைகளை ஆபத்தில் வைத்துக்கொண்டு இருப்பதும் பாவமே.

ஆகையால், அகதியொருவன் உங்கள் வாசலில் வந்து நின்றால், "ஏன் ஓடி வந்தாய்?" என்று கேளாதீர்கள். முதலில் உட்காரவைத்து ஒரு வாய்க் கஞ்சி கொடுங்கள். பிறகு, ஊரில் யாரை விட்டுவந்தான் என்று விசாரியுங்கள். அன்றிரவு குடும்ப ஜெபமாலையில், வந்தவனுக்காகவும் வரமுடியாமல் அங்கே இருப்பவர்களுக்காகவும் சேர்த்தே வேண்டிக்கொள்ளுங்கள்.