கேட்காதவருக்குச் சொல்லாமல் இருக்கலாமா?

குறையுள்ள வீட்டை விற்பவன் அந்தக் குறையைச் சொல்லியாக வேண்டுமா? கி.மு. 44-இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ எழுதிய 'கடமைகள்' நூலில் இந்த வழக்கு வருகிறது. மௌனம் ஏமாற்று ஆகாது என்பது அதில் வாதிடும் தத்துவஞானி டயோஜனீஸின் கட்சி. குறையை மறைப்பது, வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் போவதைவிடக் கொடியது என்பது இன்னொரு தத்துவஞானி ஆன்டிபேட்டரின் கட்சி. சிசரோ சொல்லத்தான் வேண்டும் என்கிறார். நானும் அந்தப் பக்கம்தான்.

மகளுக்காகச் சென்னை அருகே முடிச்சூரில் ஒரு வீடு பார்த்தோம். தரகர் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பக்காவாக எடுத்து வைத்தார். ஒரு பொய் இல்லை. ஆனால் கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புது பெயின்ட். அதற்கு மேலே வெளுத்த பழைய நிறம். 2015 வெள்ளம் எதுவரை வந்தது என்று நான் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான், "தெருவுக்கே வந்துச்சும்மா" என்றார்.

1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெருங்குறை தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. அது விற்பவரின் கடமை. தரகர் என்னிடமும் கமிஷன் வாங்குகிறார். எனக்காகப் பார்க்கத்தானே அந்தக் காசு? இரு கையாலும் வாங்குபவருக்கு இரட்டைக் கடமை உண்டு. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தை வணிகரைச் சொல்லி முடிப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் ஏறும் தெரு என்று கேட்காமலே சொல்லும் தரகருக்குக் கூடுதலாகவே கொடுப்பேன்.