மின்மேளமும் எமது மனச்சாட்சியும்



கடந்த வாணி விழாவன்று நடந்த ஒரு சிறு சம்பவம் எமது சங்கத்தில் இன்னமும் பேசப்படுகிறது. ஆளுக்கொரு விதமாகப் பேசுவதிலும் பார்க்க, எல்லோர் முன்பாகவும் எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம்.

பிள்ளைகளின் பக்திப்பாடல் நிகழ்ச்சிக்கு இளைஞர் ஒருவர் எலெக்ட்ரோனிக் டிரம்சும் மடிக்கணினியும் கொண்டுவந்திருந்தார். மூன்று பாடல்களுக்கு நன்றாகவே வாசித்தார். நான்காவது பாடலின் நடுவில் ஓடித் திரிந்த ஒரு குழந்தையின் கால் தட்டி வயர் கழன்றது. தம்பி திகைத்துப்போய்க் கையை எடுத்துவிட்டார். மேளம் மட்டும் பாட்டு முடியும்வரை நிற்கவேயில்லை. சிலர் சிரித்தார்கள். சில பெரியவர்கள் எழுந்து போனார்கள்.

அடுத்த கூட்டத்தில், "சரஸ்வதி சந்நிதியில் பொய் வாசிப்பா?" என்று நாம் கேட்டோம். தம்பி தலையைக் குனிந்தபடி சொன்னார்: "பூசைக்கு நீங்களும் சுவிச்சைத்தானே போடுறீங்கள், அங்கிள்?"

எமக்குப் பதில் வரவில்லை.

சுவாமி வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இயந்திரத்தைத் தெரியாதவர் இல்லை. மோட்டர் சுழல, தண்டுகள் ஏறி இறங்கி மேளத்திலும் மணியிலும் அடிக்கின்றன. வேலை நாட்களில் குருக்களும் மூன்று நான்கு அடியார்களுமே நிற்கும் கோயிலில் வேறு என்ன செய்வது என்றுதான் அதை வாங்கினோம்.

தம்பியின் கருவி வேறு வகை. றப்பர்த் தட்டின் கீழே இருக்கும் உணர்கருவி அடியின் அதிர்வைப் பிடித்துக்கொள்கிறது. எந்தத் தட்டு, எவ்வளவு பலம் என்பது இலக்கமாக மாறிக் கணினிக்குப் போகிறது. 1983இல் வந்த 'மிடி' முறைப்படி அந்தப் பலத்துக்கு 127 படிகள் உண்டு. கணினியிலுள்ள மென்பொருள் அதற்கேற்ற ஒலியை எடுத்துக் கொடுக்கிறது. அந்த ஒலியோ, எங்கோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கலைஞர் உண்மையான டிரம்சில் மெதுவாகவும் பலமாகவும் ஒவ்வோர் அடியாக அடித்துப் பதிந்து வைத்தது. செக்கனில் நூறில் ஒரு பங்கு தாமதித்தாலும் பெரிய குறையில்லை. அந்த நேரத்தில் ஒலி காற்றில் 3.4 மீற்றர்தான் போகும். மேளகாரர் நாலு எட்டுத் தள்ளி இருந்து வாசிப்பது போலத்தான்.

ஆகவே கோயில் இயந்திரத்தில் தோல் உண்மை, கை இல்லை. தம்பியின் முதல் மூன்று பாடல்களிலும் கை உண்மை, தோல் இல்லை. நான்காவதில் இரண்டுமே இல்லை. முன்பே சேமித்து வைத்ததை ஓடவிட்டு, மேலே குச்சியை அசைத்திருக்கிறார்.

இரவல் ஒலி என்பதை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. மேடைக்கு மேடை சுருதிப்பெட்டி இருக்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தபோது உலகமே கேட்டது. மேலும், இந்த நாட்டுக் குளிரிலும் ஹீற்றர் சூட்டிலும் தோல் வாத்தியத்தைச் சுருதியில் வைத்திருப்பவர் படும் பாடு பெரும்பாடு. வாடகை மண்டபத்தில் சத்தத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மின்மேளத்தைக் காரின் பின்பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்து, வேண்டிய அளவு சத்தத்தில் வாசிக்கலாம். மூன்று பாடல்களிலும் எப்போது அடிப்பது, எப்படி அடிப்பது என்று தீர்மானித்தது அந்தப் பிள்ளையின் கைதான்.

நான்காவது பாட்டுத்தான் எம்மை உறுத்துகிறது. கோயில் இயந்திரம் தன்னை மனிதன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்தக் குச்சிகள் சொல்லின. ஏன் என்று தனியாகக் கேட்டபோது, "கஷ்டமான தாளம், பிழைத்தால் சனம் சிரிக்கும்" என்றார். உண்மைதானே! ஐந்து வயதுப் பிள்ளை தேவாரத்தில் ஒரு வரி மறந்தாலும் சாப்பாட்டு மேசையில் அதைப்பற்றிக் கதைக்கிறவர்கள் நாம். பொய்யில் அவர் பங்கு போக மிகுதி எங்கள் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

தம்பியின் கேள்வி இன்னோர் இடத்திலும் குத்தியது. ஊரில் பூசை நேரம் மணிக்கயிற்றைப் பிடிக்கவும் சேமக்கலம் அடிக்கவும் நாங்கள் சண்டை போட்டவர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையே இல்லை. ஒரு சுவிச்சால் அதை எடுத்துவிட்டோம். யாரும் முறையிடவும் இல்லை.

வரும் கலைவிழாவில் தம்பி மறுபடியும் வாசிப்பார், எல்லாப் பாடல்களையும் கையால். சேமித்த ஒலி ஏதும் வேண்டியிருந்தால் முதலிலேயே அறிவிப்பார். வெள்ளிக்கிழமைகளில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் மணியையும் சேமக்கலத்தையும் கொடுப்பதென்றும் தீர்மானித்தோம். சென்ற வெள்ளி தொடங்கியாயிற்று. ஒன்றோடொன்று சேராமல் அடித்தார்கள். தீபாராதனை முடிந்த பிறகும் ஒருவன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். குருக்கள் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னுமொரு கற்பூரத்தை ஏற்றினார்.