நிறுத்த பின் நிறைகோலைத் திருத்தலாமா?

நிறைகோல் கோணலென்று கண்டால் அதனைத் திருத்த வேண்டும், இதில் ஐயமில்லை. ஆனால் நிறுத்து முடித்துப் பங்கு பிரிக்கும் வேளையில் திருத்தலாமா? 2025ஆம் ஆண்டு நம் கேரளத்தில் எழுந்த பொறியியற் கல்லூரிச் சேர்க்கை வழக்கு இவ்வினாவையே நம்முன் வைத்தது.

நுழைவுத் தேர்வுக்கு 300, பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றுக்குமாக 300, ஆக 600 மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை அமைப்பர். மாணவர் வெவ்வேறு வாரியங்களிலிருந்து வருவதால் பள்ளி மதிப்பெண்ணை ஒரு வாய்பாட்டால் சமன்படுத்துவர். பழைய வாய்பாடு வாரியத்தின் சராசரியையும் கணக்கிற் கொண்டது. அதனால் மாநிலப் பாடத்திட்ட மாணவர் பலர் தாம் பெற்ற மதிப்பெண்ணிற் சிலவற்றை இழந்தனர். பக்கத்திலிருப்பவன் நன்றாக எழுதியதற்கு இவன் தண்டம் கட்டுவது போலத்தான்!

அரசு தமிழ்நாட்டு முறையைத் தழுவிற்று. ஒவ்வொரு வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணையும் நூறாகக் கொள்வது அம்முறை. உச்சம் 95 எனில், அங்கே 70 பெற்றவனுக்கு 73.68 கிடைக்கும். இஃது எளியது, நியாயமானதும்கூட என்பேன். கணிதத்துக்கு 5, பௌதிகத்துக்கு 3, இரசாயனத்துக்கு 2 எனப் பங்கும் மாறியது.

ஆனால் இத்திருத்தம் வெளிவந்த நாள் ஜூலை 1. தேர்வோ ஏப்ரலில் முடிந்து, மதிப்பெண்ணும் மே மாதத்திலேயே வெளியாகியிருந்தது. திருத்தம் வந்த அன்றே தரவரிசையும் வந்தது. ஜூலை 9இல் உயர்நீதிமன்றம் அப்பட்டியலை இரத்துச் செய்தது; மறுநாள் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. பழைய வாய்பாட்டின்படி மறுபட்டியல் வந்தது. முதலிடத்தில் நின்ற மாநிலப் பாடத்திட்ட மாணவர் ஏழாமிடத்துக்கு இறங்கினார். அவர் எழுதிய விடைகளில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியது கணக்கு ஒன்றே. தரவரிசையை மகனின் குணமென்றே எண்ணி ஏசும் பெற்றோர் இதைச் சற்றே சிந்திப்பாராக.

நூற்பாலையில் உழைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கூலி வீதத்தை மாற்றுவதானால் வேலை தொடங்குமுன் அறிவித்தல் முறை. வேலை முடிந்து கணக்கெழுதும்போது மாற்றினால், அன்று கூடுதலாகப் பெறுகிறவன்கூட, நாளை இதே கை தன் கூலியைக் குறைக்குமோ என்று அஞ்சுவான். ஆதலின் தீர்ப்பு முறையானதே என்பது என் துணிபு. உச்சநீதிமன்றமும் அவ்வாண்டுச் சேர்க்கையில் தலையிட மறுத்தது.

ஆயினும் என் மனம் முழுதும் ஆறவில்லை. வாய்பாட்டைக் காலத்தே திருத்தியிருக்க வேண்டியவர் பெரியவர்கள். அவர்களில் எவரும் ஓரிடமும் இழக்கவில்லை. இழந்தவர் அனைவரும் மாணவப் பிள்ளைகள்.