மீட்டரும் மனச்சான்றும்

பட்டினப்பாக்கத்துக் கடற்காற்றில் இரும்பு நெடுநாள் நிலைப்பதில்லை. சன்னல் கம்பி துருவேறும், பூட்டு திறவாது, ஆலய மணியின் சங்கிலியைக்கூட அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. இந்தக் காற்றில், நாம் பணியேற்று வந்த பங்கு இல்லத்தின் மாடிப்படிக்குக் கீழே, கறுப்புப் பெட்டி ஒன்றினுள் ஒரு மின் மீட்டர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னே ஓர் அலுமினியத் தட்டு. அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவர்கள், அந்தக் கோடு எத்தனை மூச்சுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று எண்ணி விளையாடுவார்கள். இரவில் ஒற்றை விளக்கு மட்டும் எரியும்போது தட்டு சுழல்கிறதா, நின்றுவிட்டதா என்ற ஐயம் எழும். அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள நாம் ஒருபோதும் முற்பட்டதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நலம்.

ஒரு கோடையில் அதை அகற்றிவிட்டு, எண்கள் ஒளிரும் மின்னணு மீட்டரைப் பொருத்திச் சென்றார்கள். அடுத்த இருமாதக் கணக்கில் கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. விளக்கும் விசிறியும் முன்பிருந்தவையே. புதிய மீட்டர் பொய் சொல்கிறது என்பதே நமது முதல் முடிவு. உபதேசியாரும் அதையே சொன்னார். சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். சோதித்தார்கள், புதியது சரியாகவே காட்டியது. அவ்வாறாயின், இத்தனை ஆண்டுகளும் பொய் சொன்னது எது?

பழைய மீட்டரின் வேலை எளியது. 1889-ஆம் ஆண்டு அங்கேரி நாட்டைச் சேர்ந்த ஓட்டோ பிளாதி என்னும் பொறியாளர் இவ்வகை மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கம்பிச் சுருள்களில் பாயும் மின்சாரம் தட்டைச் சுழற்றும். ஒரு நிலைக்காந்தம் அதன் வேகத்தை அடக்கும். தட்டின் சுற்றுகளைப் பற்சக்கரங்கள் எண்ணும். தட்டு அமர்ந்திருக்கும் தாங்கி தேய்ந்து, அழுக்கும் உப்பும் படிந்தால் உராய்வு மிகும். அப்போது மீட்டர் மெதுவாக ஓடும். சிறிய அளவு மின்சாரத்துக்கு அசையாமலே நின்றுவிடும். இன்று நம் வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கும், இரவெல்லாம் சுவரில் செருகியிருக்கும் செல்பேசிச் சார்ஜரும் இழுப்பது அத்தகைய சிறிய அளவே. மின்னணு மீட்டரோ அதையும் எண்ணிவிடுகிறது. காந்தம் வலுவிழந்தால் பழைய மீட்டர் வேகமாக ஓடுவதும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் அதற்கு அநீதி செய்தவர் ஆவோம். நம் வீட்டில் அவ்வாறு நிகழவில்லை. நமக்கு நிகழ்ந்தது ஆதாயம்.

குருமட நாள்களில் நாம் படித்த ஒரு பகுதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில், வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சகத்தைப் பற்றித் தனியே ஆராய்கிறார். அளவில் குறை இருப்பதை அறியாமல் விற்றவர் பாவம் செய்தவர் ஆகார். ஆனால் குறை தெரியவந்த பின் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்கிறார். அதோடு அவர் நிற்கவில்லை. வாங்குபவருக்கும் இதே நியாயம் பொருந்தும். விற்பவர் பித்தளை என்று எண்ணித் தங்கத்தைக் கொடுத்தால், அறிந்து வாங்கியவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று முடிக்கிறார். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்த காலத்தில், பித்தளை விலையில் தங்கம் வாங்கும் நாள் நமக்கும் வரும் என்று நினைத்தோமில்லை.

பங்குப் பேரவையில் இதை எடுத்துரைத்தோம். சிலர் நகைத்தனர். "மின்வாரியத்துக்கு இருக்கிற நட்டத்துல நம்ம காசு எந்த மூலைக்கு, ஃபாதர்?" என்று கேட்டார் ஒருவர். நட்டம் என்பது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பள்ளம் என்னும் நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பள்ளத்தை நிரப்புவது கட்டண உயர்வும் வரிப்பணமுமே. நமது மீட்டர் மெதுவாக ஓடிய ஒவ்வொரு சுற்றையும், சரியான மீட்டர் வைத்திருந்த ஏதோ ஒரு வீடு சுமந்திருக்கிறது. ஓர் அலுவலகத்தில் சென்று, பழைய குறையை உத்தேசமாகக் கணக்கிட்டுச் செலுத்த இயலுமா என்று கேட்டோம். அங்கிருந்த எழுத்தர் கனிவோடு சிரித்து, அப்படி வாங்கிக்கொள்ள ஏட்டில் தலைப்பு இல்லை என்றார். ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்பது பேரவையின் யோசனை. உரியவர் இன்னாரென்று தெரியாதபோதுதான் ஈட்டுத்தொகையை ஏழைக்குத் தரலாம் என்பது ஒழுக்கவியலின் பழைய பாடம். இங்கே உரியவர் தெரிகிறார். அவரிடம் வாங்கும் கைதான் இல்லை. அந்தத் தொகை இன்றும் தனி உறையில் இருக்கிறது.

இதற்கிடையே ஸ்மார்ட் மீட்டர் என்னும் பேச்சு வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் முன்னோட்டமாக அதைப் பொருத்தினர். அங்கு வீட்டு வேலைக்குச் சென்றுவரும் சீனிவாசபுரத்துப் பெண்கள்தாம் முதலில் செய்தி கொண்டுவந்தனர்: ஆள் வராமலே அது கணக்கு அனுப்புகிறதாம், அங்கிருந்தபடியே கரண்டை நிறுத்திவிடுமாம், காசு போட்டால்தான் விளக்கு எரியுமாம். அச்சத்தில் சற்று மிகை இருந்தது. முழுதும் பொய் அன்று. நடுவண் அரசு 2021-இல் வகுத்த திட்டம், நாடெங்கும் 25 கோடி முன்பணச் செலுத்து மீட்டர்களை நோக்கமாகக் கொண்டது. தமிழகத்தில் 2023-இல் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகள், கேட்கப்பட்ட விலை மிகுதி என்னும் காரணத்தால் 2024 டிசம்பரில் கைவிடப்பட்டன.

இந்த மீட்டரை முழுவதுமாக எதிர்ப்பவரோடு நம்மால் உடன்பட இயலவில்லை. துல்லியமான அளவு ஏழைக்குப் பகையன்று. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 510 யூனிட் ஆனால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! ஐந்நூறைத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் சலுகையும் சேர்ந்து குறைந்துவிடுவதே காரணம். கணக்கெடுப்பவர் இரண்டு நாள் தாமதித்து வந்தால், அந்தத் தாமதத்தின் விலையை வீட்டுக்காரர் கொடுக்கிறார். உரிய நாளில், உரிய நேரத்தில் தானே கணக்கெடுக்கும் கருவி இந்த அநீதியை நீக்கும். மாதந்தோறும் கணக்கெடுப்பு என்று 2021 சட்டமன்றத் தேர்தலில் தரப்பட்ட வாக்குறுதிக்கும் இத்தகைய கருவியே வழியாகச் சொல்லப்பட்டது. மீட்டர் காட்டும் அளவில் ஐயம் என்று முறையிட்டால், ஐந்து நாள்களுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்திக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. நம் மக்களில் இதை அறிந்தவர் மிகச் சிலரே.

ஆனால் அளப்பது வேறு, துண்டிப்பது வேறு. ஒரே பெட்டிக்குள் இரண்டையும் வைத்துவிட்டார்கள். பணம் கட்டாத வீட்டுக்கு லைன்மேன் வந்து பியூஸைப் பிடுங்கிச் செல்வது நம் வாரியக் குடியிருப்புகளில் பழகிய காட்சி. அவர் மூன்று மாடி ஏற வேண்டும். கதவைத் தட்ட வேண்டும். கதவைத் திறப்பவள் கைக்குழந்தையோடு நிற்பாள். "திங்கக்கிழமை கட்டிடுறேண்ணா" என்பாள். சில வேளை அவர் இறங்கிப் போய்விடுவார். அந்தத் திங்கட்கிழமை எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதன்று. சட்டத்திலே இருப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு: துண்டிப்பதற்கு முன் 15 முழு நாள்களுக்குக் குறையாமல் எழுத்து வடிவில் அறிவிப்புத் தர வேண்டும். முன்பண முறையிலோ கையிருப்பு தீரும் வேளையே துண்டிப்பின் வேளை. கடல் கொந்தளித்துப் படகுகள் இறங்காத வாரம் அதுவாயினும் கருவிக்குத் தெரியாது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. பிரிட்டனில், கடன்பட்ட வீடுகளில் நீதிமன்ற ஆணையோடு புகுந்து முன்பண மீட்டர்களைக் கட்டாயமாகப் பொருத்திய செய்தி வெளிவந்து, 2023 பிப்ரவரியில் அவ்வழக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. முன்பணம் போட இயலாதவர் தாமே இருட்டில் அமர்ந்துவிடுவதால், யாரும் அவர் இணைப்பைத் 'துண்டித்ததாக' எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நெதர்லாந்திலோ 2009-இல், வீட்டார் எழுவதும் உறங்குவதும் வெளியூர் செல்வதும் கால்மணிக் கணக்கில் வெளியே தெரிந்துவிடும் என்று மேலவை அதைக் கட்டாயமாக்க மறுத்தது. நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் குடும்பத்துக்கு அந்தரங்கம் என்னும் சொல் எவ்வாறு ஒலிக்கும் என்பது வேறொரு கட்டுரைக்கு உரியது.

இவ்வளவும் பேரவையில் பேசியபோது எல்லாரும் தலையசைத்தனர். அரசின் மீட்டரைப் பற்றிப் பேசும்வரை நமக்குள் ஒற்றுமைக்குக் குறைவில்லை. அன்று மாலை, ஒண்டுக்குடித்தனத்தில் வாழும் ஒரு கைம்பெண் நம்மிடம் வந்தார். மீன் விற்றுப் பிழைப்பவர். "சாமி, புது மீட்டரு வந்தா எனக்கும் அந்த நூறு யூனிட்டு கெடைக்குமா?" என்று கேட்டார். நமக்கு உடனே விளங்கவில்லை. வீடுகளுக்கு இருமாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்னும் ஆணை 2016 மே மாதம் வந்தது. அதை அவர் பெற்றதே இல்லை. அவருடைய அறைக்கு இருப்பது வீட்டு உரிமையாளர் வைத்த சப் மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய். இருமாதத்தில் அவர் செலவழிப்பது 80 யூனிட். சட்டப்படி ஒன்றும் கொடுக்க வேண்டாத அளவுக்கு அவர் 720 ரூபாய் கொடுத்துவந்தார்.

அந்த உரிமையாளர் நம் பங்கைச் சேர்ந்தவர், ஞாயிறு தவறாதவர். நாமும் அவரும் 2022 கட்டணத்தை வைத்துக் கணக்கிட்டோம். நான்கு குடித்தனம், தலைக்கு 80 யூனிட். உரிமையாளர் வீடு 230 யூனிட். ஒரே இணைப்பில் ஆக 550. கட்டணம் 2,350 ரூபாய். குடித்தனக்காரரிடம் அவர் பெறுவது 2,880 ரூபாய். அவருடைய சொந்த மின்சாரம் இலவசமாகி, மேலே 530 ரூபாய் மிஞ்சுகிறது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு இருந்தால் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து 360 ரூபாய்தான். தானியம் அளக்கும் அளவையைக் குறைத்தும், காசு நிறுக்கும் கல்லைக் கூட்டியும் ஏழையை வஞ்சித்தவர்களை இறைவாக்கினர் ஆமோஸ் சாடியதைத் திருப்பலியில் கேட்கிறோம். இங்கே அளவையும் சரி, கல்லும் சரி. இடையில் ஒரு கை. எந்த ஸ்மார்ட் மீட்டரும் அந்தக் கையைக் காணாது. அதற்கு அந்த வீடு ஒரே இணைப்பு. அந்தப் பெண் இல்லவே இல்லை.

அவரைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. தெருவெல்லாம் ஒன்பது வாங்குகிறார்கள் என்றார், அது உண்மை. தனி இணைப்புக்குப் பத்திரம், வரி ரசீது எல்லாம் வேண்டும். அவர் வீட்டுக்கு அவற்றில் பாதி இல்லை. தண்ணீர் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் தம் கணக்கில் ஓடுகின்றன என்றார். அவர் அறியாமல் பெற்றார் என்றால், இன்று அறிந்துகொண்டார். உறையில் பணத்தை வைத்துக்கொண்டிருக்கும் நாம் இதற்கு மேல் அவருக்கு என்ன சொல்வது? நெடுநேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுக்கச் சொன்னார். யூனிட்டுக்கு 4 ரூபாய் 27 காசு வந்தது. கைம்பெண்ணின் பங்கு 342 ரூபாய். அடுத்த கணக்கிலிருந்து அப்படியே வாங்குவதாகச் சொல்லிச் சென்றார். மறுவாரம் திருப்பலி முடிந்து, அந்தத் தாளோடு மீண்டும் வந்தார். மோட்டாரின் செலவை ஐந்தாகப் பிரிப்பதா, ஆள் எண்ணிக்கைப்படி பிரிப்பதா என்பதில் அவருக்கும் குடித்தனக்காரருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.