பையில் மேலே இருந்தது

உணவகத்தில் எங்களோடு கோப்பை கழுவும் நண்பர் விடுமுறைக்குப் புறப்படுகிறார். பை அடுக்கும் முறையை விளக்கினார்: பாரமானவை அடியில், உடுப்புகளைச் சுருட்டி இடுக்குகளில், அவசரத்துக்குத் தேவையானது மேலே. நாங்களும் அப்படித்தான் அடுக்கினோம்.

2009இல் வன்னியில் இடம்பெயர இடம்பெயரப் பை சிறுத்தது. விசுவமடுவில் சட்டி பானை போனது, சுதந்திரபுரத்தில் உடுப்புகள். மாத்தளனில் மிஞ்சியவை பொலித்தீனில் சுற்றிய காணி உறுதியும், 2006இல் ஏ9 வீதி மூடப்பட்டதோடு நின்றுபோன படிப்பின் அடையாள அட்டையும், அரைப் பைக்கற் பால்மாவும்தான்.

பக்கத்துப் பதுங்குகுழியிலிருந்து ஒரு தாய் கேட்டார்: “தம்பி, பிள்ளைக்கு ஒரு கரண்டி மா இருக்குமோ?”

“முடிஞ்சுதக்கா” என்றோம். மா மேலேதான் இருந்தது.

அக்காவின் மகனுக்கென்று வைத்திருந்தோம்; அவனும் பசித்திருந்தான். ஆகவே பிழையில்லை என்பார்கள். முற்றுகையிட்டவர்கள்மீது பழியைப் போடலாம், அது உண்மையுங்கூட. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும்படி எங்களை எவரும் கேட்கவில்லை. ‘இருக்கு, தரமாட்டம்’ என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டி வந்திருக்கும். மாவைக் கொடுக்காததைவிட இதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஏனென்று விளங்கவில்லை.

நண்பரின் பையில் இன்னும் இடமிருந்தது. சப்பாத்துக்குள் காலுறைகளைத் திணித்துக்கொண்டிருந்தார்.