பங்குள்ளவர் செய்வது தொண்டாகுமா?

ஒரு சங்கம் போராடி வாங்கித் தரும் பலன் அதன் நிர்வாகக் குழுவில் இருப்பவருக்கும் கிடைக்கும் என்றால், அவர் செய்வதைத் தொண்டு என்று சொல்லலாமா? பலனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்கிறது கீதை. இந்த அளவுகோலைக் கறாராகப் பிடித்தால் பெண்களின் அலைச்சறுக்குச் சங்கங்கள் தேறுவது கடினம். கலிபோர்னியாவில் 1975-இல் பெண்களுக்கான சர்வதேசச் சங்கத்தைத் தொடங்கிய ஜெரிக்கோ பாப்ளரும் மேரி செட்டர்ஹோமும் அலைச்சறுக்கு வீராங்கனைகள். 2016-இல் சமத்துவம் கோரி ஒரு குழு அமைத்த பியாங்கா வலென்டி, கியாலா கென்னலி முதலியோர் பேரலைகளில் பெயர் வாங்கியவர்கள். பரிசுப் பணத்தை உயர்த்தக் கேட்டவர்களும் அதை ஜெயிக்கக்கூடியவர்களும் ஒருவரே. இது உள்நோக்கம் இல்லையா என்று கேட்பவரை அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் செய்பவரின் மனத்தைத் துருவுவதைவிட, அவர் கேட்டது என்ன என்று பார்ப்பதே சரியான சோதனை என்பேன். கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே அருகே மாவரிக்ஸ் என்ற இடத்தில் குளிர்காலத்து அலைகள் 50 அடியைக்கூடத் தாண்டும். அங்கே 1999-இல் தொடங்கிய போட்டியில் பெண்கள் இறங்க இடம் இருந்ததில்லை. எங்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அமைப்பாளரிடம் தனியாகப் பேசி முடித்திருந்தால் அது சுயநலம்தான். குழு அப்படிச் செய்யவில்லை. பொதுக் கடற்கரையில் போட்டி நடத்த அனுமதி தரும் கரையோர ஆணையத்திடம் போனது. பெண்களுக்கும் போட்டி வேண்டும் என்று 2016-இல் ஆணையம் நிபந்தனை போட்டது. அடுத்து மாநில நில ஆணையம் பரிசுத்தொகையைப் பற்றிக் கேட்டது. 2018 செப்டம்பரில் உலக சர்ஃப் லீக் தன் போட்டிகளில் ஆண், பெண் பரிசு சமம் என்று அறிவித்தது. சமப் பரிசைக் கட்டாயமாக்கி 2019-இல் வந்த மாநிலச் சட்டம் அலைச்சறுக்கோடு நிற்கவில்லை. அரசு நிலத்தில் அனுமதி பெற்று நடக்கும் மற்ற விளையாட்டுப் போட்டிகளுக்கும் பொருந்துகிறது. கடலில் கால் நனைக்காத சைக்கிள் வீராங்கனைக்கும் அதில் பங்கு உண்டு. லோக சங்கிரகத்துக்கு, அதாவது உலக நன்மைக்கான செயலுக்கு, கீதை காட்டும் ஜனகன் அரசைத் துறந்தவன் அல்லன் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

ஆண்களின் போட்டிக்குத்தானே கூட்டமும் விளம்பரமும் அதிகம், பிறகு சமப் பரிசு எப்படி நியாயம் என்பார்கள். தனியார் குளத்தில் நடந்தால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் இருக்கலாம். கடற்கரை பொதுச் சொத்து. தவிர, உள்ளேயே விடாதவருக்குக் கூட்டம் வருமா என்று எந்தக் கணக்கை வைத்துச் சொல்வது? இதைவிட எனக்கு உறுத்தும் மறுப்பு வேறு: பதவியே ஒரு பலன்; அதில் பற்று ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. உண்மை. இதற்கு நல்லெண்ணத்தை நம்பிப் பயனில்லை. பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும், தன் பணத்தைத் தொடும் தீர்மானத்தில் வாக்களிக்காமல் எழுந்து போகும் விதி வேண்டும். பெண்கள் சங்கத்துக்கு இதில் விலக்கு கிடையாது.

மாவரிக்ஸ் போட்டியை நடத்தவிருந்த உலக சர்ஃப் லீக் அதை 2019-இல் கைவிட்டது. இடம் கேட்டுப் போராடியவர்கள் அந்தப் போட்டியில் ஒரு சுற்றுக்கூட இறங்கவில்லை. சட்டம் 2020 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது.